பூஜை போட்ட சர்வர்

இந்த வருடம் ஆயுத பூஜையன்று எதற்குப் பொட்டு வைப்பது என்று சற்றுக் குழம்பிப் போனேன். மடிக்கணினிக்கு வைத்தாயிற்று. சைக்கிளுக்கு, தையல் மெஷினுக்கு, அரிவாள்மனைக்கு எல்லாம் மனைவி வைத்துவிட்டாள். ஆனால் எனக்குச் சோறு போடுவது இவை எதுவும் இல்லை. நான் பராமரிக்கும் சர்வர்கள், அதாவது வெப்சைட்டுகளை ஊருக்கெல்லாம் அனுப்பும் கம்ப்யூட்டர்கள், மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கின்றன. எந்தத் தெரு, எந்த மாடி என்று எனக்குத் தெரியாது. கடைசியில் சுவரில் கண் சிமிட்டிக்கொண்டிருந்த வைஃபை பெட்டிக்குச் சந்தனம் வைத்தேன். "அதுக்குமா?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்வதற்குள் கற்பூரத்தை ஏற்றிவிட்டாள். கற்பூரப் புகையும் பொரி, பொட்டுக்கடலை வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பண்டிகை ஞாபகம் வரும். எனக்குக் கழுத்து வேர்க்கும், வாசல் எங்கே என்று கண் தேடும்.

காரணம், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பூட்டுக் கடையின் மாடியில் இருந்த அறை. அங்கேதான் என் முதல் வேலை. ஊரில் உள்ள கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். முதலாளி தங்கராசு அண்ணன். கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திச் சலித்துப்போய் இந்தத் தொழிலுக்கு வந்தவர். எங்கோ இருக்கும் சர்வரில் இடம் வாடகைக்கு எடுப்பது அப்போதே வழக்கம்தான். அவருக்கு அது பிடிக்காது. "கண்ணுல பாக்காத மிஷின நம்பி எப்படிப்பா வாடிக்கைக்காரன்ட்ட பேசுறது" என்பார். ஆகவே எங்கள் சர்வர் எங்கள் அறையிலேயே, ஒரு மர மேசைமேல், பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பேட்டரிகளோடு இருந்தது. கரண்ட் அடிக்கடி போகும் காலம் அது. தெருவே இருண்டாலும் அந்தப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தியதே கிடையாது. வருடத்தில் ஒரே ஒரு நாள் தவிர.

அந்த ஒரு நாள் ஆயுத பூஜை. காலையில் அண்ணன் தன் கையாலேயே சர்வரை நிறுத்துவார். மூடியைக் கழற்றிப் பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டுவார். ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, மறுபடி ஓட விடுவார். மற்ற கடைகளில் பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியும்வரை எடுக்க மாட்டார்கள். எங்களால் அப்படி ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைக்க முடியாது. அதனால் அண்ணன் ஒரு சமரசம் கண்டுபிடித்திருந்தார். மெஷின் ஓடலாம், ஆனால் மறுநாள் காலைவரை யாரும் கீபோர்டைத் தொடக் கூடாது. பஸ்ஸுக்குப் பூஜை போட்டுவிட்டு ஓட்டுவதில்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன். பஸ் வேறு, சரஸ்வதி வேறு என்றார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

அறையில் இன்னொருவர் ஜெசிந்தா அக்கா. வத்தலக்குண்டுப் பக்கம், பூ விவசாயம் செய்யும் குடும்பம். எங்கள் இருவருக்கும் வேலைப் பிரிவினை சுத்தமாக இருந்தது. எப்போது பார்த்தாலும் ஒன்றேபோல் இருக்கும் பக்கங்களை, அதாவது படம், விலாசம், 'எங்களைப் பற்றி' போன்றவற்றை, அக்கா செய்வார். சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி அவை. கேட்பவருக்கு ஏற்பப் பதில் சொல்லும் ஸ்கிரிப்ட்கள், அதாவது சின்னச் சின்ன புரோகிராம்கள், என் பொறுப்பு. கவுன்டரில் ஆள் உட்கார்ந்து பதில் சொல்வது மாதிரி. நோட்டீஸ் தப்பு செய்யாது. கவுன்டரில் இருப்பவன்தான் தப்பு செய்வான். "என் பக்கம் என்னைக்காச்சும் மக்கர் பண்ணிருக்கா தம்பி?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு முன்னால் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டிருந்த பிரபு முந்தைய தீபாவளி கழிந்ததும் பெங்களூருக்குப் போய்விட்டான். எனக்கும் போக ஆசை. ஆனால் அந்த மெஷினின் குணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். லீவு கேட்டாலே அண்ணன் மெஷினைத்தான் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பழனியில் ஒரு லாட்ஜ் உண்டு. மேனேஜர் வேலுச்சாமி, ஒட்டன்சத்திரத்துக்காரர். லாட்ஜ் ஓனர் உடுமலையில் இருந்தார். வெப்சைட்டில் ரூம் பதிவு செய்வதெல்லாம் வெட்டி வேலை என்பது அவர் கட்சி. வேலுச்சாமிதான் போராடிச் சம்மதிக்க வைத்திருந்தார். பூஜை விடுமுறைக் கூட்டம் முழுக்க அதில்தான் வரும் என்று வாக்கும் கொடுத்திருந்தார். அது நடக்கவில்லையென்றால் மேனேஜர் நாற்காலியில் தன் மச்சானை உட்காரவைக்கப் போவதாக ஓனர் நேராகவே சொல்லியிருந்தார். வேலுச்சாமியின் மகள் அப்போது பழனியில்தான் பத்தாம் வகுப்பு. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது அவர்தான். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லும் மனிதர்.

அன்று பூஜை முடிந்தது. விளக்கு அணையக் கூடாது என்று ஃபேனை நிறுத்தியிருந்தோம். ஜன்னலும் சாத்தியிருந்தது. அண்ணன் சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றிவிட்டு, நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். அக்கா பையை மாட்டிக்கொண்டு வத்தலக்குண்டு பஸ்ஸுக்குக் கிளம்பத் தயாராக நின்றார். அப்போதுதான் போன் அடித்தது. வேலுச்சாமி.

"ஏனுங்க தம்பி, ரூம் போடற பக்கத்தத் தொறந்தா இங்கிலீசு எழுத்தா கொட்டுதுங்க. கொட்டிக்கிட்டே இருக்குதுங்க."

பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். அதைத் தொட்டதற்கே அண்ணன் தொண்டையைச் செருமினார். லாட்ஜின் முகப்பு அழகாக வந்தது. அக்கா வைத்த மலைக்கோயில் படமும் வந்தது. 'அறை பதிவு' என்பதை அழுத்தினால் நான் எழுதிய ஸ்கிரிப்ட் அப்படியே, முதல் வரியிலிருந்து, பாஸ்வேர்டு உள்பட, உலகத்துக்கே தெரிய விரிந்து கிடந்தது. துணி மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஸ்கிரிப்டை ஓட்டிப் பதிலை மட்டும் அனுப்ப வேண்டிய சர்வர், அதையும் ஒரு நோட்டீஸ் என்று நினைத்து அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தது.

வேலுச்சாமி இன்னொன்றும் சொன்னார். ஓனர் உடுமலையிலிருந்து காரில் கிளம்பிவிட்டாராம். லாட்ஜ் பூஜையில் விபூதி வாங்க வருகிறார், அப்படியே பதிவு எப்படி நடக்கிறது என்றும் பார்ப்பார். "வந்து இதப் பாத்தாருன்னா நானு பொட்டியக் கட்ட வேண்டியதுதானுங்க."

சர்வர் பக்கம் இரண்டடி வைத்திருப்பேன். அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. "தொடக் கூடாதுப்பா" என்றார், அவ்வளவுதான். நான் நிலைமையைச் சொன்னேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேலுச்சாமியின் வேலை போய்விடும் என்றேன். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது கை வைத்து வருடம் முழுக்க அதற்குக் கேடு வந்தால் யார் பொறுப்பு என்றார். வெளியே போய் எங்காவது பிரவுசிங் சென்டரிலிருந்து பார்க்கலாம் என்றால், பாதுகாப்புக்காக இந்த அறையிலிருந்து மட்டுமே உள்ளே நுழையும்படி அந்த மெஷினை அமைத்திருந்தவன் நான்தான். வேர்வை முதுகில் ஓடியது. புகை கண்ணைக் கரித்தது. போன் மறுபடி அடித்தது.

அக்காதான் வாயைத் திறந்தார். "நான் தொட்டா ஆகாதாண்ணே?"

அண்ணன் பொரியை மெல்லுவதை நிறுத்தினார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தார், அக்கா கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார்.

"நீ தொட்டா அது உங்க சாமி கணக்குல போயிரும்" என்றார். "இவன் கை மட்டும் படக் கூடாது."

அக்கா பையைக் கழற்றி வைத்துவிட்டு, மாலை கலையாமல் மேசைமுன் உட்கார்ந்தார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கை கட்டாவிட்டால் அது தானாகக் கீபோர்டுக்குப் போய்விடும். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். இப்படி வேலை செய்து பார்த்திருக்கிறீர்களா? கண் ஓரிடம், விரல் வேறொருவருடையது. கீழே போங்க, இன்னும் கீழே, நில்லுங்க, தாண்டிட்டீங்க. அக்காவுக்கு என் அவசரம் பிடிக்கவில்லை. "செத்த நேரம் வாய மூடுறியா, எனக்கும் கண்ணு இருக்கு" என்றார்.

கான்ஃபிக் ஃபைல் என்று ஒன்று உண்டு. எந்த ஃபைலை ஓட்ட வேண்டும், எதை அப்படியே அனுப்ப வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் உத்தரவுகள் அதில்தான் இருக்கும். ஓட்டச் சொல்லும் உத்தரவைக் காணோம். பதற்றத்தில் நானே ஒரு வரியை ஞாபகத்திலிருந்து சொன்னேன், அக்கா அடித்தார், சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். ஸ்கிரிப்ட் ஓடியது. ஆனால் நான் சொன்ன வரி லாட்ஜின் ஃபோல்டர் முழுவதற்கும் பொருந்தியது. படங்களையும் சர்வர் ஸ்கிரிப்ட் என்று நினைத்து ஓட்டப் பார்த்தது.

"என் மலையக் காணோம்" என்றார் அக்கா. குரலில் அப்படி ஒரு அமைதி. மலைக்கோயில் இருந்த இடத்தில் உடைந்த சிறு கட்டம் ஒன்று நின்றது. அந்த வரியை எடுத்தால் மலை வந்தது, ஸ்கிரிப்ட் கொட்டியது. சேர்த்தால் ஸ்கிரிப்ட் நின்றது, மலை போனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேலுச்சாமி போன் செய்து எங்களுக்குத் தெரிந்ததையே எங்களுக்குச் சொன்னார். கார் மடத்துக்குளம் தாண்டிவிட்டதாம்.

அண்ணனிடம் கொஞ்சம் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்றேன். போனால் திரும்ப மாட்டாய் என்றார். பிரபு போனதை அவர் மறக்கவில்லை.

கண்டுபிடித்தது அக்கா. நான் தாண்டுங்க தாண்டுங்க என்று சொன்ன இடத்தில் தாண்டாமல் நின்று, "இங்க ஒரு வரி இருக்கு, முன்னாடி ஹேஷ் போட்டிருக்கு" என்றார். வரிக்கு முன்னால் அந்தக் குறி இருந்தால் சர்வர் அந்த வரியைப் படிக்காது. எங்களுக்கு வேண்டிய உத்தரவு அதுதான். குறிப்பிட்ட வகை ஃபைலை மட்டும் ஓட்டு, மற்றதை விட்டுவிடு என்று சொல்லும் உத்தரவு. வேலையை விடுவதற்கு முன் பிரபு எதையோ மாற்றிப் பார்க்க நினைத்து அதை முடக்கி வைத்திருக்கிறான். அப்புறம் பெங்களூர் வந்துவிட்டது. ஆனால் சர்வர் இந்த ஃபைலைக் கிளம்பும்போது மட்டுமே படிக்கும். படித்ததை மனதில் வைத்துக்கொண்டு, நிறுத்தும்வரை அதன்படியே ஓடும். நாங்கள்தான் அதை நிறுத்துவதே இல்லையே. பிரபு வைத்த முடிச்சு போன தீபாவளியிலிருந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை அண்ணன் தூசி தட்டிப் பொட்டு வைத்து மறுபடி ஓட விட்டபோது, சர்வர் எழுந்து ஃபைலைப் புதிதாகப் படித்தது.

இதை அண்ணனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவுக்கு வந்தது. "பூஜை போட்டதுனாலதாண்ணே இது வெளிய வந்துச்சு." அண்ணன் அதைத் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார். கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டார்.

குறியை நீக்கினோம், என் வரியைத் தூக்கினோம், ரீஸ்டார்ட் செய்தோம். மலையும் இருந்தது, பதிவும் நடந்தது. வேலுச்சாமியைக் கூப்பிட்டேன். "இன்னும் கொட்டுதுங்க" என்றார். அவருடைய கம்ப்யூட்டர் பழைய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது என்பது எனக்கு உடனே புரிந்தது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப் ஐந்தைத் தட்டுங்கள், புதுப் பக்கம் வரும் என்று சொல்லி முடித்தேன். அப்போது அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வேலுச்சாமி போனைத் துண்டிக்கவில்லை, அப்படியே மேசைமேல் வைத்துவிட்டார்.

நாங்கள் மூவரும் அந்தச் சின்ன அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு அதைச் சுற்றி நின்றோம். சரியான பக்கம் எங்கள் கண்முன் இருந்தது. தப்பான பக்கம் அவர்கள் கண்முன் இருந்தது. நடுவில் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

"என்னய்யா இது?" என்றது ஒரு கனத்த குரல்.

பிறகு வேலுச்சாமி சொன்னார். "அந்த ஒரு பக்கத்துக்கு உள்ளார இருக்கற எழுத்துங்க. இத்தனையும் எழுதுனாத்தான் ரூமு பதிவாகுமுங்க."

"இத்தனையுமா?"

"ஆமாங்க. காட்டறனுங்க பாருங்க." விசை தட்டும் ஓசை கேட்டது. "இப்ப வெளியால எப்படித் தெரியுதுன்னு பாருங்க."

ஓனர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் வந்தது. அப்புறம், யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்று வாசிக்கச் சொன்னார். வேலுச்சாமி ஒவ்வொரு பெயராக வாசித்தார், ஊரோடு. அவர் குரல் வழக்கத்துக்கு வந்தபோதுதான் அண்ணன் வாசலிலிருந்து நாற்காலியை எடுத்தார். எனக்கு இன்னும் வேலை இருந்தது. ஊர் பார்த்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அக்கா பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அதையும் தட்டிக் கொடுத்தார்.

வேலுச்சாமி அந்த நாற்காலியில் நெடுநாள் இருந்தார். மகள் கல்லூரி முடித்தாள். எங்கள் அறை பின்னால் காலியானது. மெஷினைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். அக்கா சொந்தமாக அச்சுத் தொழிலுக்குப் போனார். நான் பெங்களூருக்கும் போகவில்லை, எங்கும் போகவில்லை. ஓனரின் மகன்கள் லாட்ஜை ஒரு பெரிய கம்பெனியின் செயலியில் சேர்த்தார்கள். பதிவெல்லாம் அதிலேயே நடந்துவிடுவதால் கவுன்டரில் மேனேஜர் தேவையில்லை என்று ஆயிற்று. யாரும் கோபப்படவில்லை, யாரும் காரில் வரவில்லை. வேலுச்சாமி ஊருக்குப் போனார்.

போன மாதம் பழனிக்கு அதே லாட்ஜில் ரூம் போடலாம் என்று செயலியைத் திறந்தேன். பணம் கட்டும் இடத்தில் பக்கம் நின்றுவிட்டது. எழுத்தெல்லாம் கொட்டவில்லை. தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் ஒரு பொம்மைப் படமும் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்ற வரியும் மட்டும் வந்தன. இதற்குப் பின்னால் எங்கோ ஓர் அறையில் ஒருவன் கான்ஃபிக் ஃபைலை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் லாட்ஜில் யாருக்காவது இதனால் வேலை போகவும் கூடும். அவனிடம் அதைச் சொல்ல ஒரு நம்பர் உண்டா என்று பக்கத்தின் அடிவரை போய்ப் பார்த்தேன். இல்லை. பொம்மை தலையைச் சொறிந்துகொண்டே இருந்தது.