இரண்டாம் சரணம்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கு அவர் முத்திரை. குடியுரிமை அலுவலகத்தில் நான்காம் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து, வருகிற மனுக்களில் எல்லாம் 'ஏற்கப்பட்டது' என்றோ 'திருப்பப்பட்டது' என்றோ குத்துகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதல் முத்திரை இன்னும் கடையில் வாங்கிய மெருகோடு இருந்தது. இரண்டாவதற்கு இதுவரை மூன்று தடவை கைப்பிடி மாற்றியாகிவிட்டது.

ஆளைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மனு கொடுக்க வந்தவர்களிடம் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. அவருக்கு இருந்த வியாதி ஒன்றுதான்: கடவுளுக்கு அடுத்தபடியாக நாட்டைக் காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் இருப்பதாக நினைப்பு. ரேடியோவில் தேசிய கீதம் வந்தால் குளியலறைக்குள்ளும் விறைப்பாக நிற்பார். "ஏங்க, வழுக்கி விழுந்துட்டீங்களா, சத்தத்தையே காணோம்?" என்று வீட்டம்மா கதவைத் தட்டுவார். கீதம் முடிந்த பிறகுதான் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சபையின் செயலாளர். அங்கேயும் கை சும்மா இருக்காது. ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கி வந்தால் பிறப்புச் சான்றிதழின் அசலைக் கேட்பார். நகலோடு வந்தவர்கள் குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு அசலைத் தேடி வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். ஒரு தடவை போதகர், நம்முடைய உண்மையான குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறது என்று உருகி உருகிப் பிரசங்கித்தார். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. முத்திரை மட்டும், அங்கே மனுவை எந்தப் படிவத்தில் வாங்குவார்கள், யார் சரிபார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். சரிபார்க்கத் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது, சபைத் தலைவர் பதவி. ஆலயத்தின் முன்வரிசையில் சிவப்பு மெத்தை போட்ட கைவைத்த நாற்காலி ஒன்று உண்டு. தலைவரைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. தூசி தட்டுகிற சாக்கில் பல வருஷமாக முத்திரை அதைத் தடவிக்கொடுத்து வந்தார். பழைய தலைவர் தன் மகள் வீட்டோடு போய்விட, நாற்காலி காலியானது. அந்த வருஷம் தேசிய தினமும் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையில் சிறப்பு ஆராதனை, மாவட்ட அதிகாரி விருந்தினர், ஆராதனை முடிந்த கையோடு தலைவர் தேர்தல் என்று முடிவாயிற்று. போட்டிக்கு வேறு ஆள் இல்லை. அன்றைய ஆராதனை சொதப்பாமல் நடந்துவிட்டால் நாற்காலி வந்து சேர்ந்த மாதிரிதான்.

முன்வரிசையைப் பற்றிச் சொன்னால் கடைசி பெஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே தூணை ஒட்டி உட்காருகிறவர் ரொட்டிக்காரர். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வேறு நாட்டிலிருந்து வந்து, ஒரு பேக்கரியில் சம்பளத்துக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சொந்தமாக அடுப்பு போட லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு நான்காம் ஜன்னலைத் தாண்ட வேண்டும். போட்டோவில் இடது காது தெரியவில்லை என்று முதல் மனு திரும்பி வந்தது. கையெழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று இரண்டாவது மனுவும் திரும்பியது. மூன்றாவது தடவை நேர்முகத் தேர்வு வரைக்கும் போய்விட்டார். முத்திரை மேஜை டிராயரிலிருந்து விடைத்தாளை எடுத்து, வரி மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தேசிய கீதத்தோட ரெண்டாம் சரணம் சொல்லுங்க."

"ஐயா, எல்லா இடத்திலும் முதல் சரணம் மட்டும்தானே பாடுகிறார்கள்," என்றார் ரொட்டிக்காரர். புத்தகம் வாங்கி மொழி கற்றவர், அச்சடித்த மாதிரிதான் பேசுவார்.

"பாடுறது வேற, தெரிஞ்சிருக்கிறது வேற. இந்த நாட்டுல பொறந்த ஒவ்வொருத்தனுக்கும் இது ரத்தத்துல ஊறினது. போய்ப் படிச்சிட்டு வாங்க."

டொக். திருப்பப்பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சபையில் திருவிருந்துக்கு வைக்கிற ரொட்டியைச் சுட்டுக் கொண்டுவருகிறவரும் இதே மனுஷர்தான். ஞாயிறன்று அவர் சுட்டதை முத்திரை முழங்காலில் நின்று வாங்கிக்கொள்வார். திங்களன்று அவர் எழுதியதை உட்கார்ந்தபடியே திருப்பிக் கொடுப்பார். இரண்டையும் சேர்த்து யோசிக்க அவருக்கு ஒரு நாளும் நேரம் கிடைத்ததில்லை.

சிறப்பு ஆராதனைக்கு முந்தின நாள் ஒத்திகை நடந்தது. ஆர்கன் வாசிக்கும் டீச்சர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கீதத்தை மூணு சரணமும் பாடணும்னு போட்டிருக்கீங்க. அப்போ வரிகளையும் பின்பக்கம் அச்சடிச்சிருங்க சார்."

முத்திரைக்குச் சுருக்கென்று வந்தது. "அச்சடிக்கிறதா? அதிகாரி என்ன நினைப்பார்? அம்மான்னு கூப்பிடறதுக்கு யாராவது துண்டுச்சீட்டு எடுத்துக்கிட்டுப் போவாங்களா?"

"உங்களுக்கு மூணும் தெரியும்ல?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! பத்தொன்பது வருஷமா ஊருக்கே பரீட்சை வைக்கிறவன் நான்."

பாவம், அவர் பொய் சொல்லவில்லை. தெரியும் என்று மனதார நம்பினார். சாயங்காலம் அவருடைய கோட்டுக்கு இஸ்திரி போட்டபடி வீட்டம்மா, "எங்க, ரெண்டாம் சரணத்துல ரெண்டு வரி எடுத்து விடுங்க பாப்போம்," என்றார். கீதத்தைத் துணி தேய்க்கிற மேஜைக்குப் பக்கத்தில் பாடுவது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டு முத்திரை செருப்பைத் தேடினார்.

ஞாயிறு காலை எல்லாம் கச்சிதமாக நடந்தது. அதிகாரி நேரத்துக்கு வந்தார். போதகரின் பிரசங்கமும் சுருக்கமாக முடிந்தது. விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் போய் உட்காரச் சொன்ன ஆண்டவரைப் பற்றியும், பெரியவனாக ஆசைப்படுகிறவன் மற்றவர்களுக்கு வேலைக்காரனாக இருக்க வேண்டியதைப் பற்றியும் பேசினார். முத்திரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பார்வை மட்டும் சிவப்பு மெத்தையை விட்டு நகரவில்லை. பிறகு மைக்குக்கு முன்னால் போய் நின்று, "தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்போம்," என்றார்.

முதல் சரணத்தில் கூரை அதிர்ந்தது. டீச்சர் நிறுத்தாமல் இரண்டாவதற்குள் நுழைந்தார். முத்திரை வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அலுவலக டிராயர்தான் கண்ணுக்குள் வந்தது. பித்தளைக் கைப்பிடி தெரிந்தது, தாளின் மடிப்பு தெரிந்தது, வலது மூலையில் இருந்த டீக்கறை கூடத் தெரிந்தது. எழுத்து மட்டும் தெரியவில்லை. மற்றவர்கள் பாடுவார்கள் என்று பார்த்தால் அங்கே அதைவிட மோசம். பாடகர் குழு கூட்டமாக முனகியது. நடு பெஞ்சில் இருந்த சலூன்காரருக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது. மாவட்ட அதிகாரி தலையைத் தூக்கி மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டம்மாவின் உதடு மட்டும் தெளிவாக அசைந்தது. முத்திரைக்கு அது புரிந்தது: சொன்னேன்ல? மைக் நல்ல மைக். அவருடைய "ம்... ம்ம்..." என்ற முனகலை ஒன்று விடாமல் சபைக்குக் கொடுத்தது.

அப்போது தூணுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அச்சடித்த மாதிரி வந்து விழுந்தது.

'நடந்து வந்தவர் களைத்து நின்றார், நின்ற இடத்தில் நாடு பிறந்தது...'

மொத்த ஆலயமும் பின்னால் திரும்பியது. ரொட்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தன்னை யாரோ பரீட்சை செய்வது போல வேர்த்து வேர்த்துப் பாடிக்கொண்டிருந்தார். அந்த வரி மேல் முத்திரை ஆயிரம் தடவை விரலை ஓட்டியிருக்கிறார். எதிரே இருப்பவர் சொல்வது தப்பா சரியா என்று பார்த்தாரே தவிர, அது என்ன சொல்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டது. காது மடல் எரிந்தது. அவ்வளவு வெட்கத்தை அவர் அதுவரை பட்டதில்லை.

மைக்கைக் கழற்றிக்கொண்டு முத்திரை ஆலயத்தின் பின்பக்கம் நடந்தார். கம்பி நடு பெஞ்சோடு தீர்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மைக்கை சலூன்காரர் கையில் திணித்துவிட்டு, கடைசி பெஞ்சில் ரொட்டிக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் வாயைப் பார்த்துப் பார்த்து அரைச்சொல் பின்னால் பாடினார், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி. வீட்டம்மா சேர்ந்துகொண்டார். அப்புறம் ஒவ்வொரு வரிசையாகச் சேர்ந்தது. மூன்றாம் சரணத்தை முழுச் சபையும் அதிகாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடியது. அதிகாரியும் திரும்பி நின்று பாடினார், வேறு வழி?

தேர்தலில் சலூன்காரர் எழுந்து முத்திரையின் பெயரைச் சொன்னார். முன்வரிசையில் ஆளைக் காணவில்லை. அவர் இன்னும் கடைசி பெஞ்சில்தான் இருந்தார்.

"எனக்கு வேண்டாங்க," என்றார். ஆசைப்பட்டதை விடுகிற குரல் அது, கொஞ்சம் உடைந்துதான் வந்தது. "டீச்சரைப் போடுங்க. சீட்டு அச்சடிக்கச் சொன்ன ஒரே ஆள் அவங்கதான்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாற்காலி டீச்சருக்குப் போனது. முத்திரையும் கை தூக்கினார். வாசலில் போதகர் அவர் தோளைத் தட்டி, "நான் கால் மணி நேரம் பேசினதை நீங்க நடந்தே காட்டிட்டீங்களே!" என்றார். "மைக் கம்பி பத்தலைங்க ஐயா, அதான்," என்று முத்திரை செருப்பை மாட்டினார்.

மறுநாள் நான்காம் ஜன்னலுக்கு ரொட்டிக்காரர் நான்காவது மனுவோடு வந்தார். போட்டோவில் இரண்டு காதும் விரிந்து தெரிந்தன. கையெழுத்து கட்டத்துக்குள் எறும்பு மாதிரி சுருண்டு கிடந்தது. விதிப்படி கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். முத்திரை கேட்டார். ரொட்டிக்காரர் எழுந்து நின்று ஒரு சொல் பிசகாமல் சொன்னார். 'ஏற்கப்பட்டது' பழக்கமில்லாத முத்திரையாதலால் முதல் குத்தில் மை பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை அழுத்திக் குத்தினார்.

ரொட்டிக்காரர் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். முத்திரை டிராயரைத் திறந்து விடைத்தாளை எடுத்து, ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம் இருங்க. இதை நீங்க பிடிங்க. நான் சொல்றேன், சரியான்னு பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரொட்டிக்காரர் வரி மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"தவறு ஐயா," என்றார் மிகுந்த மரியாதையோடு. "போய்ப் படித்துவிட்டு வாருங்கள்."