பூங்காவைப் பெருக்கிய காலை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், பூங்கா கேட்டை ஒட்டித்தான் என் இட்லி வண்டி நிற்கிறது. பூங்கா என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆறு புங்க மரம், நான்கு சிமெண்ட் பெஞ்சு, அவ்வளவுதான். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் என்னிடம் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருவார்கள். அந்த நிழலை நம்பித்தான் நானும், எதிர் டீக்கடையும், பழம் விற்கிறவரும் பிழைக்கிறோம்.

அந்த இடத்தை லாரி நிறுத்தக் கொடுக்கலாமா என்று பார்க்க அதிகாரி வருவதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எட்டாவதோடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் லாரி என்றுதான் இருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

“லாரியே இன்னும் வர்ல. அதுக்குள்ள டயர் ஏறின மாரி ஒக்காந்துகினு கீறே” என்றார் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர்.

அதிகாரி வரும் நாள், விடிந்ததும் துடைப்பத்தோடு உள்ளே இறங்கினேன். ஓர் இலை விடாமல் பெருக்கினேன். பெஞ்சுகளைக் கழுவினேன். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி, கேட் வாசலை அடைத்து ஒரு பெரிய கோலமும் போட்டேன். ஷிப்ட் முடிந்து வந்தவர்களை உள்ளே விடவில்லை. பாவம், தட்டை ஏந்திக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றே சாப்பிட்டார்கள்.

“இன்னாக்கா, பார்க்கு வயசுக்கு வந்துட்ச்சா? யாரும் பாக்கக் கூடாதுன்னு உள்ள ஒக்கார வெச்சிகினு கீற?” என்று கேட்டாள் தினமும் சாப்பிட வரும் கம்பெனிப் பெண்.

“கம்முனு துன்னுமா. அந்த சார் வந்து போவட்டும்.”

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போனார். சுற்றிப் பார்த்தார். “சுத்தமாத்தாம்மா இருக்கு. ஆனா ஒருத்தரும் வர்றதில்ல போலயே” என்று பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

துடைப்பத்தோடு அவர் பக்கத்தில் ஓடினேன்.

அதற்குள் அந்தக் கம்பெனிப் பெண் கோலத்தின் நடுவில் கால் வைத்து உள்ளே வந்தாள். “சார், இந்த அக்காதான் எங்கள உள்ள வுடல. டெய்லி இங்கதான் சார் கால நீட்டுவோம். ரூம்ல ஆறு பேரு. டே ஷிப்ட் ஆளுங்க கெளம்பினாத்தான் எங்களுக்குப் படுக்க எடம்.”

அவள் பின்னால் எல்லோரும் தட்டோடு வந்துவிட்டார்கள். கோலம் இருந்த இடம் தெரியவில்லை. நான்கு பெஞ்சும் நிறைந்தது. ஒருவர் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார், குறட்டையே வந்துவிட்டது.

அதிகாரி என் துடைப்பத்தைப் பார்த்தார். “ஏம்மா, இவங்களயா வெளிய நிறுத்தி வெச்ச?”

“அழுக்காயிடுமேன்னு சார்...”

சிரித்துக்கொண்டே, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். எட்டிப் பார்த்தேன். அந்தக் கையெழுத்தை எழுத்துக் கூட்டியும் படிக்க முடியவில்லை.

லாரிகளுக்கு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது பெஞ்சு போதவில்லை, இன்னும் நான்கு கேட்டு மனு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, நான்தான் பாக்கி. மனு போனால் மறுபடி பார்க்க வருவார்களே!