தவக்காலத்தில் நிறுத்திய மாத்திரை

தவக்காலம் தொடங்கிய அன்று கறியோடு சேர்த்துக் கொழுப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். கறி தின்னாதவளுக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். போதாததற்கு நான் ஒல்லி. ஈஸ்டர் முடிந்து ரத்தம் சோதித்தபோது அளவு முன்பைவிடக் கூடியிருந்தது. டாக்டரம்மா திட்டுவார் என்று தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவில்லை. அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். தாடிக்கொம்பு போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே மாரடைப்பில், ஐம்பதைத் தொடுவதற்கு முன்பே என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. வந்ததும் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். இது சாப்பாட்டால் வந்ததில்லை, அப்பா வழியாகப் பிறவியிலேயே வந்தது. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை எடுக்க வேண்டிய கல்லீரல் சரியாக எடுப்பதில்லை. பத்தியம் மட்டும் போதாது, மாத்திரையை நிறுத்தவே கூடாது. என் வாய் காரணமில்லை என்பதில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அவருடைய அடுத்த கேள்வியில் அதுவும் போனது.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

தம்பி இருக்கிறான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வேன் ஓட்டுகிறான். அவனுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். அப்பா போன வயதை அவன் நெருங்கிக்கொண்டிருந்தான். வேன் நிறைய ஆட்களோடு அவன் வளைவில் திரும்புவதே கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

போனில் பேச எனக்கு வராது. மறுநாள் பஸ் ஏறிப் போனேன். வேன் நிறுத்தத்தில் மற்ற டிரைவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

"அக்கா, உன் ஒடம்புல கொழுப்புன்னா ஆடுகூடச் சிரிக்கும். தெனம் மலையேறி எறங்குறவன் நான். எனக்கு என்ன செய்யுது?"

எல்லாரும் சிரித்தார்கள். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம் போலிருந்தது.

"அப்பாவுக்கும் ஒண்ணும் செய்யல தம்பி. பஸ்ஸுல ஏறுறப்ப நல்லாத்தான் இருந்தாரு."

சிரிப்பு நின்றது. அவன் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். என்னைப் பார்க்காமலே, "ஊசி பெருசா இருக்குமா?" என்று கேட்டான்.

சோதனையில் அவனுக்கும் அதேதான் என்று வந்தது. தினமும் சாப்பிட்டு மாத்திரை போட்டதும் அவன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது இப்போது எங்களுக்குள் ஏற்பாடு. அது வரும்வரை எனக்கு உட்காரப் பிடிப்பதில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

நேற்று வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"மறந்துட்டேன்க்கா. இந்தா போடுறேன்."

அவன் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கும்வரை நான் போனை வைக்கவில்லை.