கப்பல் விற்ற தங்கை எழுதுவது

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாவைப் பற்றிக் குறை எதுவும் எழுதக்கூடாது என்று மச்சாள், அதாவது அண்ணாவின் துணைவியார், என்னிடம் கேட்டிருக்கிறார். முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். ஆனால் கப்பல் பிளான் விஷயத்தில் எனக்கு ஒரு நியாயம் கிடைக்கவேண்டியிருக்கிறது. ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு என்னைக் 'கப்பல் வித்தவ' என்றுதான் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது, அது சரிதானா என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணா பருத்தித்துறையில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம். தபாற்கந்தோரில் வேலை செய்த அப்பா இளம் வயதிலேயே காலமாகிவிட, அண்ணா பத்தொன்பது வயதில் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு வந்தார். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. எந்தக் கப்பலில் என்ன சரக்கு ஏறுகிறது, என்ன இறங்குகிறது என்று பத்திரங்கள் தயாரிக்கும் வேலை. இரண்டு வருடங்களில் அம்மாவையும் என்னையும் கொழும்புக்கு அழைத்துக்கொண்டார். என்னைப் படிக்கவைத்து ஆசிரியையாக்கியவர் அண்ணாதான். அதை நான் எங்கும் மறைத்ததில்லை.

முப்பத்தெட்டு வருடங்கள் கப்பல்களுக்குப் பத்திரம் எழுதியவர், வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கப்பலில் ஏறினார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்து, ஒரு பாடசாலை மண்டபத்தில் அகதிகளாகப் படுத்திருந்து, பிறகு சரக்குக் கப்பலொன்றில் காங்கேசன்துறைக்குப் போனோம். நான் அழுதுகொண்டே இருந்தேன். அண்ணா தளத்தில் நின்று கயிறுகளையும் பாரந்தூக்கிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "இவ்வளவு நாளும் பேரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தனான். இப்பதான் முகத்தைப் பாக்கிறன்," என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. ஐந்து மாதத்தில் கொழும்புக்குத் திரும்பி வந்து, அதே கந்தோரில் அதே மேசையில் உட்கார்ந்தார். பயமில்லையா என்று கேட்டவர்களுக்கு, வேலை மிச்சம் கிடக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அண்ணாவின் நற்குணங்களை எழுதினால் இந்த மலர் போதாது. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வந்து நிற்பார். யார் வீட்டுக் காரியம் என்றாலும் கடைசி நாற்காலியை அடுக்கும் வரை நின்றுவிட்டுத்தான் போவார். கந்தோர்ப் பழக்கத்தில் எல்லாவற்றையும் நீளமான மண்ணிற உறைகளில் போட்டு, மேலே ஒற்றைச் சொல்லில் பெயர் எழுதிவைப்பார். 'மருந்து', 'லைற்', 'உறுதி' என்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்தைக் கண்டால் யாருடைய எழுத்து என்று யாரும் கேட்கத் தேவையில்லை. தன் பிழையை ஒத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் அவரிடம் இருக்கவில்லை. மச்சாள் மன்னிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகு அண்ணாவும் மச்சாளும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். மெல்பேர்ணில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தார். அங்கே பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கியதாம். உள்ளே மூன்று பாய்மரங்கள் கொண்ட பழைய சரக்குக் கப்பலொன்றைச் சிறிய அளவில் செய்வதற்கான மரச்சட்டங்கள், பித்தளை ஆணிகள், நூல் உருண்டைகள், மூன்று பெரிய பிளான் தாள்கள். முதல் தாள் கப்பலின் உடம்புக்கு. இரண்டாவது பாய்மரங்களுக்கு. மூன்றாவது கயிறுகளுக்கு. எந்தக் கயிறு எந்த மரத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று நூற்றுக்கணக்கான கோடுகள் அதில் இருந்தன. அண்ணா முதல் தாளை மேசையில் விரித்தார். மற்ற இரண்டையும் மடித்து உறையில் போட்டு, 'பிளான்' என்று எழுதி அலுமாரியின் மேல் வைத்தார்.

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி கப்பலுக்குப் போனது. மறு பாதியில் இருவரும் முழங்கை இடிக்கச் சாப்பிட்டார்கள். குழம்பில் மரத்தூள் விழுகிறது என்று மச்சாள் என்னிடம் முறைப்பாடு செய்வார். உடம்பு மட்டும் முடிய ஒரு வருடம் பிடித்தது. அந்த வருடக் கடைசியில் அண்ணாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. இருதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, இனி ஒவ்வொரு வருடமும் கிடைத்த வருடம்தான் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். அண்ணா தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "அதுக்குள்ள கப்பலை முடிச்சிடுவன்," என்றார். அவர் கண்ணில் பயத்தை நான் காணவில்லை.

அந்தத் தைப்பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவாக்க மச்சாளுக்குக் கைகொடுக்கப் போனேன். அண்ணா காணி விஷயமாக ஓடிக்கொண்டிருந்தார். பருத்தித்துறையில் அப்பாவின் காணியை எங்கள் பெயருக்கு மாற்றுவதற்காக, உறுதிப் பத்திரத்தையும் காணிப் பிளானையும் யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு அம்மையார் ஒருவருக்கு அனுப்பிவிட்டிருந்தார். லண்டனில் இருக்கும் பெரியப்பாவின் மகன் கையெழுத்து வைக்கவேண்டியிருந்ததால், அந்த விஷயம் பிறகு அப்படியே கிடந்துபோனது.

பொங்கல் முடிந்து இரண்டு கிழமையில் அண்ணாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தங்கச்சி, அலுமாரிக்கு மேல இருந்த உறையைக் கண்டனியே?"

"என்ன உறை?"

"நீட்டு உறை. பிளான் எண்டு எழுதிக் கிடந்தது."

அந்த உறையைக் கண்டது நல்ல நினைவு. 'பிளான்' என்ற எழுத்தையும் கண்டேன். கீழே பழைய பேப்பர்காரர் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார். ஏதோ பழைய வீட்டுப் பிளானாக்கும், முப்பது வருடக் குப்பை என்று நினைத்து, பத்திரிகைக் கட்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

"அண்ணா, நான் அதைப் பேப்பர்காரனுக்குக் குடுத்திட்டன்."

"கப்பலையே வித்துப்போட்டியே," என்றார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அறிமுகம் இப்படித்தான்: "இவ என்ர தங்கச்சி. கப்பல் வித்தவ." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் மேசையில் பாய்மரமில்லாமல் மொட்டையாக நின்ற அந்தக் கப்பலைப் பார்க்கும்போது என் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். வைத்தியர் சொன்னது என் காதில் இருந்தது. அண்ணாவுக்குக் கிடைத்த காலத்தை நான் பழைய பேப்பரோடு கட்டிக் கொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கன்னத்தில் கை வைத்து உட்காருபவள் நானில்லை. முதலில் அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனத்தைத் தேடினேன். அது மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டிருந்தது. வெளிநாட்டுக் கடைகளுக்கு எழுதினேன். பிளானைத் தனியாக விற்பதில்லை என்றார்கள். பிறகு இணையத்தில் மாதிரிக் கப்பல் செய்பவர்களின் குழுவொன்றில் சேர்ந்து, பெட்டியின் படத்தைப் போட்டு, என் அண்ணாவின் இரண்டாம் மூன்றாம் தாள்களை நான் தொலைத்துவிட்டேன், யாரிடமாவது இருக்கிறதா என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆறுதல் வந்தது. பிளான் வரவில்லை. ஒருவர் வேறொரு கப்பலின் பிளானை அனுப்பி, ஏறக்குறைய இதே மாதிரிதான், சமாளிக்கலாம் என்றார். அண்ணா அதைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை பார்த்தார். "இது வேற ஆள். ஒருத்தற்ற தலையைக் கொண்டுபோய் இன்னொருத்தருக்கு வைக்கிறதோ?" என்று மடித்துத் தந்துவிட்டார்.

நான்காவது மாதம் ஒரு பதில் வந்தது. இதே கப்பலைப் பல வருடங்களுக்கு முன் செய்தேன், பிளான் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் எந்த நாடு என்று ஒருவர் கேட்டிருந்தார். இலங்கை, கொழும்பு என்று எழுதினேன். உடனே திரும்ப எழுதினார். தான் நுகேகொடையாம்.

உலகமெல்லாம் தேடிய பொருள் ஓட்டோ போகும் தூரத்தில் இருந்தது. அவர் கப்பல்களில் பொறியியலாளராக வேலை செய்து ஓய்வுபெற்ற சிங்களப் பெரியவர். பிளான் வீட்டை விட்டு வெளியே போகாது, வந்துதான் பார்க்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "வாடிவென்ன மல்லி," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எழுபது வயதில் தன்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததில் அண்ணாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இருவரும் சிங்களத்தில் இரண்டு மணித்தியாலம் துறைமுகக் கதை கதைத்தார்கள். எந்தெந்தக் கப்பல்களுக்கு அண்ணா பத்திரம் எழுதினாரோ, அவற்றில் இரண்டில் அந்தப் பெரியவர் வேலை செய்திருந்தார். பழைய பேப்பர்காரர் கதையையும் அண்ணா விடவில்லை. பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிரதியெடுக்கத் தானே பிளானைக் கொண்டுவருவதாகவும், நோனாவின், அதாவது என், கையில் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அப்படியே செய்தார். வெள்ளவத்தையில் வீட்டுப் பிளான்களைப் பெரிய தாளில் பிரதியெடுத்துக் கொடுக்கும் கடையொன்று இருக்கிறது. பெரியவர் சுருட்டிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் இரண்டு தாள்களையும் பிரதியெடுத்துக் கொடுத்தார். நான் நன்றி சொல்லிப் புறப்பட ஆயத்தமானேன். அண்ணா சட்டைப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தார். நடுப் பாய்மரத்தை மூலத்தில் அளந்தார், பிரதியில் அளந்தார்.

"நானா, கப்பல் சுருங்கிப்போச்சு."

"சேர், வீட்டுப் பிளானுக்கு யாரும் இப்புடி அளந்து பாக்குறதில்ல."

"வீடு நிக்கும். இது ஓடவேணும்."

நுகேகொடைப் பெரியவருக்கு விஷயத்தை விளங்கப்படுத்தியபோது, அவர் அண்ணாவின் தோளில் தட்டிச் சிரித்தார். தாளுக்குள் அடங்கவேண்டும் என்று இயந்திரம் தானாகவே படத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. நானா முகம் கோணாமல் சரியான அளவில் மறுபடி எடுத்துக் கொடுத்தார். அண்ணா மூன்று இடங்களில் அளந்து பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினார்.

அதன் பிறகு ஒன்றரை வருடம். பாய்மரங்கள் ஏறின. கயிறுகள் ஒவ்வொன்றாக வந்தன. கை நடுங்கியபோது மச்சாள் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தார். பெரியவர் மாதம் ஒரு தடவை வந்து குறை சொல்லிவிட்டுப் போனார். இடையில் இரண்டு தடவை அண்ணாவை வைத்தியசாலையில் சேர்த்தோம். இரண்டு தடவையும் அங்கே வைத்து என்னிடம் கேட்டது பசை மூடியைச் சரியாக மூடினாயா என்றுதான். கடைசிக் கயிறு மிச்சமிருந்த நாளில் என்னைக் கூப்பிட்டார்.

"இதை நீ கட்டு."

"நான் பழுதாக்கிப்போடுவன், அண்ணா."

"வித்தவதானே கட்டவேணும். பிடி."

நான் கட்டினேன். முடிச்சு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அண்ணா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிடித்து நிற்கும் என்றார். அவிழ்த்துத் திரும்பக் கட்டாமல் விட்ட ஒரே முடிச்சு அதுதான். மூன்று கிழமை கழித்து, ஒரு காலையில் தேநீர் குடித்துவிட்டு, கப்பலுக்கு எதிரே இருந்த நாற்காலியிலேயே அண்ணா எங்களை விட்டுப் பிரிந்தார். முடித்துவிட்டுத்தான் போனார். அந்த விஷயத்தில் எனக்கு மனக்குறை இல்லை.

சில மாதங்களுக்கு முன் பெரியப்பாவின் மகன் ஒருவழியாகக் கையெழுத்து வைத்தார். மச்சாளும் நானும் யாழ்ப்பாணம் போனோம். நொத்தாரிசு அம்மையார் அண்ணாவின் கோவையைத் திறந்து இதுவரை பிரிக்காமல் கிடந்த நீளமான மண்ணிற உறையொன்றை எடுத்தார். மேலே 'பிளான்'. ன்-க்கு மேல் சின்ன வட்டம். உள்ளேயிருந்ததை மேசையில் விரித்தார். விரிக்க விரிக்க வந்தது. மேசையைத் தாண்டித் தொங்கியது.

அம்மையார் கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார். "இது என்ன காணி அம்மா? மூண்டு கொடிமரம் நிக்குது."

இரண்டாம் தாள். அடியில் மூன்றாம் தாள். அலுமாரியின் மேல் ஒரே மாதிரி இரண்டு உறைகள், இரண்டிலும் ஒரே சொல். அண்ணா தன் கையாலேயே கப்பலைக் காணி என்று நொத்தாரிசுக்கு அனுப்பியிருக்கிறார். நான் சிரித்தேன். சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப பேப்பர்காரன் கொண்டுபோனது?"

"காணிப் பிளான்."

"மச்சாள், நீங்கள் கப்பலை விக்கேல்லை. காணியை வித்திருக்கிறியள்," என்றார் மச்சாள். அவருக்கு நானும் மச்சாள்தான்.

காணிப் பிளானுக்கு நில அளவையாளரிடம் மறுபிரதி எடுத்துவிட்டோம். உறவினர்கள் கவலைப்படவேண்டாம்.

அண்ணாவின் இருதயத்தைக் கூடுதலாக இவ்வளவு காலம் ஓடவைத்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், இறுதிநாளன்று லிப்ட் வேலை செய்யாதபோது அண்ணாவை மூன்று மாடியும் தோளில் சுமந்து இறக்கிய அயலவர்களுக்கும், வெள்ளை உடுத்திவந்து கனத்தை மயானத்தில் கடைசிவரை நின்று, "மகே மல்லி", என் தம்பி, என்று என் கையைப் பிடித்து அழுத நுகேகொடைப் பெரியவருக்கும், தூரதேசங்களிலிருந்து வந்தவர்களுக்கும், வரமுடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கடைக்கார நானாவுக்குத் தனியாக ஒரு நன்றி. இந்த மலரின் பின்னட்டையில் இருக்கும் படத்தை அவர்தான் பிரதியெடுத்துத் தந்தார். மூலத்தின் அளவிலேயே இருக்கிறது. நான் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்.

அது அந்த உறையின் படம். எல்லோரும் மலரைத் திருப்பி ஒருமுறை பாருங்கள். எழுத்தையும் ன்-க்கு மேல் இருக்கும் வட்டத்தையும் பாருங்கள். அது யாருடைய கை என்று உங்களுக்கே தெரியும்.

நான் கப்பலை விற்கவில்லை, அண்ணா. இல்லையென்று சண்டை பிடிக்கவாவது ஒருக்கா வாங்கோ.