‘ஓம்’ என்று காத்திருந்தேன், ‘ஆமா’ என்று வந்தது

யேசுவில் அன்பான சகோதரங்களே, செபக்கூட்டத்தில் எழும்பி நின்று கதைக்க எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

1997ஆம் ஆண்டு குளிர்காலத்தில், இங்கே நியூசிலாந்தில், ஒடாஹுஹுவில் நான் வேலை செய்த பக்டரியை மூடினார்கள். மற்றவர்கள் அழுதார்கள், ஏசினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

மனம் மரத்துப்போனது அன்றைக்கல்ல. இந்த நாட்டுக்கு வருமுன், மன்னாரில் எங்கள் வீட்டின் மேல் ஷெல் விழுந்தபோது தம்பி அன்ரன் உள்ளே இருந்தான். கல்லுக் குவியலில் நின்று அவனைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர் வழக்கில் “ஓம் அண்ணா” என்று ஒரு சத்தம் வரும் என்று காத்திருந்தேன். தொண்டை அடைக்கும்வரை கூப்பிட்டேன். வரவில்லை. அதன் பிறகு நான் யாரையும் சத்தமாகக் கூப்பிட்டதில்லை. ஆண்டவரையும்தான். செபமாலை கையில் இருக்கும், வாய் அசையும், உள்ளே ஒன்றும் இராது.

என் மனைவி றோசலின்தான் எனக்கும் சேர்த்துச் செபித்தாள். அனர்த்தம் நடந்த இடங்களில் ஆட்களை மீட்கப் பழக்கும் வகுப்பு ஒன்று தொடங்குவதாகக் கோயிலில் கேள்விப்பட்டு, என் பெயரைக் கொடுத்துவிட்டாள். தேறினால் மீட்புக் கருவிகள் வைக்கும் களஞ்சியத்தில் வேலை என்றார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். “எழுத்துச் சோதனை இல்லையாம். செய்துதான் காட்டவேணுமாம். போங்கோவன்,” என்றாள். போனேன்.

கயிறு கட்டுவது, சரிந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. இடிபாட்டின் மேல் நின்று, மீட்பு ஆட்கள் வந்திருக்கிறோம், கேட்கிறதா என்று ஆங்கிலத்தில் உரக்கக் கூப்பிட வேண்டும். பிறகு எல்லோரும் அசையாமல் நின்று பதிலுக்குக் காது கொடுக்க வேண்டும். என் முறை வந்தால் குரல் உதட்டோடு நின்றுவிடும். கூச்சம் என்று நினைத்தார்கள். கூச்சமும்தான். ஆனால் கூப்பிட்ட பிறகு வரும் அந்த அமைதிக்குத்தான் நான் பயந்தேன். படிப்பித்தவர் தீயணைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். கடைசிச் சோதனையிலும் கூப்பிடாவிட்டால் தேற வைக்க முடியாது என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

சோதனை அன்று காலை றோசலின் சாப்பாடு கட்டிக்கொண்டே, “உங்களுக்காக நானே கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறன். இண்டைக்கு நீங்களும் ஒருக்காக் கூப்பிடுங்கோ,” என்றாள். பஸ்ஸில் இருந்துகொண்டு, “ஆண்டவரே, இன்றைக்கு யாராவது பதில் சொல்லட்டும்” என்று கேட்டேன். என் செபம் அவ்வளவுதான். அப்போதும் மனதில் ஒன்றும் அசையவில்லை.

உடைந்த கொங்கிறீட்டைக் குவித்திருந்த மேட்டில் ஏறினேன். காயப்பட்டவர்கள் போல நடிக்கச் சில மாணவர்களை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். யாரென்று எங்களுக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன். பாடமாக்கிய ஆங்கிலம் முழுவதும் மறந்துபோனது.

“உள்ளுக்கு ஆராவது இருக்கிறீங்களோ?”

என் குரல்தான். தமிழில், அவ்வளவு சத்தமாக. எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

கீழே இருந்து ஒரு குரல் வந்தது. “ஆமா… இங்கதான் இருக்கேன், அண்ணே.”

நான் அந்தக் கல்லிலேயே முழங்காலில் இருந்து அழுதேன். அழுதுகொண்டே மற்றவர்களோடு சேர்ந்து கல்லை அகற்றினேன். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்த இளைஞர் ஒருவர், முகம் நிறையச் சிவப்புச் சாயத்தோடு வெளியே வந்தார். “இங்கிலீஷ்ல முனகப் பழகிட்டு வந்தேன் அண்ணே, எல்லாம் வீணாப்போச்சு,” என்றார். படிப்பித்தவர், நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று அவரிடமே கேட்டறிந்தார். கீழே இருந்தவருக்குக் கேட்டிருக்கிறது, அது போதும் என்று என்னைத் தேற வைத்தார்.

தம்பி திரும்பி வரவில்லை, வரமாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குப் பசித்தது. பசி என்று ஒன்று இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

இப்போது அந்தக் களஞ்சியத்தில்தான் வேலை. மனம் முழுவதும் இளகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தினமும் வாய்விட்டுச் செபிக்கிறேன். “மெல்லமாய்ச் சொல்லுங்கோ, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது,” என்கிறாள் றோசலின். ஆண்டவருக்கு நன்றி.

உங்களில் யாராவது கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து போயிருந்தால், இன்னொரு தரம் கூப்பிடுங்கள். பிறகு அசையாமல் நின்று காது கொடுங்கள். நீங்கள் காத்திருக்கும் சொல்லாக அது இராது. ஆனாலும் பதில் வரும்.