துருப்பிடிக்காத நான்கு குழல்கள்

அருமைநாயகம் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடங்களாகிவிட்டன. ஆயினும் அந்த அரச அலுவலகத்தின் களஞ்சியத்தில் கிடந்த ஒன்பது பழைய 303 துவக்குகளைத் துப்புரவாக்கத் தெரிந்தவர், பழுகாமத்தில் இருந்த அவர் ஒருவர்தான். உலக யுத்தத்துக்கென்று செய்யப்பட்டு, பிறகு காவலாளிகளின் தோளில் நெடுங்காலம் தொங்கிய துவக்குகள் அவை. கொழும்பில் ஒரு காட்சிச்சாலை அவற்றைக் கேட்டிருந்தது. இப்போதைய களஞ்சியப் பொறுப்பாளர் உதயரூபன் வீடு தேடி வந்து அழைத்தபோது அருமைநாயகத்துக்கு உள்ளூரப் பெருமைதான். முப்பத்தாறு வருடம் அந்தக் களஞ்சியத்தின் பதிவேடுகளை எழுதியவர் அவர். ஒரு ஆணி குறைந்தாலும் அவருடைய ஏடு சொல்லிவிடும் என்பார்கள்.

வேலை திங்கட்கிழமை தொடங்கியது. வாவிக் காற்றின் உப்பு மரப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவே புகுந்து, செம்மண் அப்பியதுபோலத் துருவை வளர்த்திருந்தது. எமரித் தாளை யாரும் தொட அவர் விடவில்லை. அது துருவோடு சேர்த்து இரும்பையும் அதில் பொறித்த இலக்கத்தையும் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். பிறகு மரத்தைக் கழற்றிவிட்டு, இரும்பை நீண்ட தகரத் தொட்டியிலிட்டு நல்ல தண்ணீரில் கொதிக்கவைத்தார். கொதித்தால் சிவப்புத் துரு கறுத்துப் பொடியாகிவிடும். மென்மையான கம்பிப் பஞ்சினால் தட்டிவிட்டு எண்ணெய் பூசினால் போதும்.

செவ்வாய்க்கிழமை குழல்களின் உட்புறத்துக்கு வந்தார். கயிற்றில் துணி கட்டி இழுத்துப் பழைய கிறீசை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழலாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஐந்து குழல்களின் உள்ளே அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகத் துரு. அது அவருக்குத் தெரிந்த விசயம். மற்ற நான்கும் கண்ணாடிபோல மின்னின.

நான்கையும் மறுபடி பார்த்தார். பிறகு கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

பழைய தோட்டாவைச் சுட்டால் குழலுக்குள்ளே ஒருவித உப்புப் படியும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும். 2010இல், ஆடி அமாவாசைக்கு முந்திய நாள், சுடும் பயிற்சி நடந்தது. ஒன்பது துவக்குகளும் சுடப்பட்டு, ஒன்பதுக்கும் கொதிநீர் ஊற்றப்பட்டதாக ஏட்டில் இருந்தது. ஆறு கிழமைக்குப் பிறகு வந்த மேலதிகாரி முதல் மூன்று குழல்களைப் பார்த்தார்; மூன்றும் துரு. மிச்சத்தை அவர் பார்க்கவேயில்லை. நீர் ஊற்றும் வேலை கூலியாள் இப்றாஹிமுடையது. ஆடியில் அலுவலகக் கிணறு உவர்த்துவிடும் என்பதால் நல்ல தண்ணீர் வெளியிலிருந்து சுமந்து வரவேண்டும். சுமக்கப் பஞ்சிப்பட்டு இப்றாஹிம் கிணற்று நீரையே ஊற்றிவிட்டான் என்று விசாரணை முடிந்தது. நிரந்தர நியமனம் கிடைக்கவிருந்தவன் வேலையை இழந்தான்.

"தண்ணியே ஊத்தல்ல ஐயா. நீங்கதானே அடுப்ப நூக்கச் சொன்னீங்க" என்று அந்த விசாரணையில் இப்றாஹிம் சொன்னான். அருமைநாயகம் ஏட்டைத் திறந்து காட்டினார். அவ்வளவுதான்.

உவர்நீர் ஒன்பதிலும் போயிருந்தால் ஒன்பதும் அரித்திருக்கும். நான்கு குழல்களில் நீரும் படவில்லை, தோட்டாவும் போகவில்லை. தோட்டா குறைவாக வந்து, ஐந்து துவக்குகளோடு பயிற்சியை நிறுத்தியது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏடு ஒன்பது என்று சொன்னதற்குக் காரணமும் கூடவே வந்தது. எழுத்து அழகாக இருக்க வேண்டுமென்று, நாளைய பக்கத்தை இன்றைக்கே ஆறுதலாக இருந்து எழுதிவைப்பது அவர் வழக்கம். எல்லா வேலையும் விதிப்படிதானே நடக்கும், முன்னுக்கு எழுதினால் என்ன, பின்னுக்கு எழுதினால் என்ன? அந்த அமாவாசைக்கு, செத்துப்போன தகப்பனுக்காக அமிர்தகழித் தீர்த்தத்தில் முழுக வேண்டியிருந்தது. இப்றாஹிம் வைத்த கேத்தல் சூடேறும்வரை நிற்க மனமில்லை. எண்ணெய் போதும், அடுப்பை அணைத்துவிடு, மிச்சத்தை மறுகா பார்ப்போம் என்று சொல்லிக் கதவைப் பூட்டியவர் அவர்தான். சுட்ட ஐந்து குழல்களையும் அரித்தது கழுவாமல் விட்ட அந்த உப்பு. தீர்த்தமாடித் திரும்பி வந்து அன்று ஏட்டைப் பார்த்தார். எல்லாம் முடிந்ததாக அவருடைய கையெழுத்தே சொன்னது. நம்பிவிட்டார்.

உதயரூபனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். குழலுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள், கிறீசை அடைத்து அனுப்பிவிடுவோம் என்றார். அருமைநாயகம் மறுக்கவில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வெளிப்புறத்தை மினுக்கினார். வெள்ளி பின்னேரம் நல்ல குழல்கள் நான்கையும் கிறீசால் அடைத்தும் விட்டார். வீட்டில் சோற்றுக்கு உட்காரக் கையைக் கழுவினார்; கிறீஸ் போகவில்லை. அன்றிரவு ஒரு கடிதம் எழுதி, மூன்று பிரதி எடுத்தார்.

சனிக்கிழமை காலை காத்தான்குடியில், இப்றாஹிம் சைக்கிள் திருத்தும் கடைக்குப் போனார். இப்றாஹிமின் தாடி நரைத்திருந்தது. மகள் ஸுஹைனா மேசையில் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அருமைநாயகம் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். இப்றாஹிம் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டேயிருந்தார்.

"எனக்கென்னத்துக்கு ஐயா சொல்றீங்க? எனக்குத் தெரிஞ்சதுதானே. இவளுக்குச் சொல்லுங்க" என்றார்.

அருமைநாயகம் அவளைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். அவள் பேனையை மூடினாள்.

"இது ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழமை, மகள்."

"இண்டைக்குச் சனி. நாலு நாளும் என்ன செஞ்சீங்க?"

வேலை இருந்தது என்று சொல்ல வாய் எடுத்தார்.

"மறைக்கலாமா எண்டு பாத்தன்" என்றார்.

அருமைநாயகம் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். ஒரு பிரதி காட்சிச்சாலைக்குத் துவக்குகளோடு போகும், ஒன்று தலைமை அலுவலகத்துக்கு, இது உங்களுக்கு என்றார். கிறீசைத் திங்கட்கிழமை தானே எடுத்துவிடுவதாகவும் சொன்னார். இப்றாஹிம் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். ஆனால் கடிதத்தை வாங்கவில்லை.

"சத்தமா வாசிங்க. பக்கத்துக் கடக்காரனுக்கும் கேக்கட்டும். பதினாலு வருசமா அவன் என்னக் 'கிணத்துத்தண்ணி' எண்டுதான் கூப்புடுறான். பேரே அதாப் போச்சி."

அருமைநாயகம் வீதியைப் பார்க்கத் திரும்பி நின்று வாசித்தார். பக்கத்துக் கடையில் தராசு நின்றது. காற்றடிக்க வந்த ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டார். தன் பெயர் வந்த இடத்தில் அருமைநாயகத்தின் குரல் தணிந்துபோனது. திகதியும் கையொப்பமும்வரை வாசித்து முடித்துத் தாளை மடிக்கப் போனார்.

"நடுவில ஒரு பேர் கேக்கல்ல" என்றார் இப்றாஹிம். "இன்னொருக்கா."

அருமைநாயகம் மடிப்பை விரித்து, மேலிருந்து தொடங்கினார்.