ஆற்றைப் பார்த்து நடந்த அம்மாள்

ஐம்பதுகளில், வண்டிப்பெரியார் போகிற வழியில் ஒரு பழைய கல்பாலம் இருந்தது. பாரம் தாங்காது என்று பஸ் எங்களை இறக்கிவிட்டு காலியாகக் கடக்கும். பாலத்தின் நடுத்தூண்மேல், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய மாதா கோயில் ஒன்று. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் அதன் வாசற்கல்லைத் தொட்டுவிட்டுத்தான் நடப்பார்கள்.

என்னோடு இறங்கிய அந்த அம்மாள் மட்டும் தொடவில்லை. தேயிலைக் கறை ஏறிய விரல்களால் முக்காட்டை இழுத்துவிட்டு, ஆற்றைப் பார்த்தபடியே நடந்தார்.

"ஏன் பெரியம்மா, கும்பிடலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு தாயி? இந்தக் கோயிலப் பிரிச்சுக் கட்டுறப்ப எங்க வீட்டுக்காரரு மூணு கல்லத் தூக்கியாந்து அடுப்பு கூட்டிட்டாரு. இன்னைக்கும் அதுலதான் சோறு பொங்குதேன்."

"திருப்பி வச்சிரலாமே."

"அவரு போய்ச் சேந்துட்டாரு. அவரு கையால வச்சதுன்னு எனக்கு அந்த அடுப்புதான் இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். கோயிலின் கருங்கல் சுவரில் ஒரு மூலையை மட்டும் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள்.

பஸ்ஸில் அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அப்படிக் கேட்டுவிட்ட எனக்கு அவர் பக்கத்தில் உட்காரக் கூசியது. ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.